உப்புத் தண்ணீரில் சீமெந்துக் குழம்பை இளக்குவது எப்படி? எண்ணெய்க் கிணற்று ஆய்வுகூடத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

லீவில் மட்டக்களப்பு கல்லடிக்கு வந்தால் இரண்டாம் நாளே யாராவது ஒரு பிள்ளை வாசலில் வந்து நிற்கும். ஓமானிலோ கட்டாரிலோ எண்ணெய்க் கிணற்றுச் சீமெந்து ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை சரிவந்திருக்கும். "அண்ணன், அங்க போனா என்ன செய்யச் சொல்லுவாங்க?" என்பதுதான் கேள்வி. கல்முனையிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும்கூடக் கேட்டு வந்திருக்கிறார்கள். பதினான்கு வருடமாக அந்த வேலையில் இருக்கிறேன். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியதை இந்த முறை எழுதிவைக்கிறேன். எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. புதியவர்கள் அதிகம் தடுமாறுகிற ஓர் இடம் இருக்கிறது: உப்புக் கலந்த சீமெந்துக் குழம்பும், அதை இளக்கப் போடுகிற டிஸ்பெர்சன்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல தண்ணீரில் ஒரு டிஸ்பெர்சன்ட் நன்றாக வேலை செய்தது என்பதற்காக, உப்புத் தண்ணீரிலும் செய்யும் என்று நினைக்கக் கூடாது. கீழே வருகிற எல்லா வேலையும் இதற்காகத்தான்.

சீமெந்து ஏன், உப்பு ஏன்

எண்ணெய்க் கிணறு நம் வீட்டுக் கிணறு மாதிரி அகலமானதல்ல. குறுகிய துளை, ஆழமோ கிலோமீட்டர் கணக்கு. அதற்குள் கேசிங் என்கிற இரும்புக் குழாயை இறக்குவார்கள். பிறகு சீமெந்துக் குழம்பைக் குழாய்க்குள்ளே பம்ப் பண்ணி, அடியால் வெளியே வரவைத்து, குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் மேலே ஏற்றுவார்கள். அது இறுகி, ஓர் அடுக்கிலுள்ள வாயுவோ எண்ணெயோ தண்ணீரோ மற்ற அடுக்குக்குப் போகாமல் அடைக்க வேண்டும். 2010 ஏப்ரல் 20 இரவு மெக்சிகோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணற்றின் அடியில் போட்ட சீமெந்து வாயுவை அடைக்காமல் விட்டது அந்த விபத்தின் காரணங்களில் ஒன்று. ஆய்வுகூடத்தில் நீங்கள் தாளில் எழுதுகிற இலக்கத்தை நம்பித்தான் அங்கே மேடையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

குழம்பு தடிப்பாக இருந்தால் பம்ப் அழுத்தம் ஏறும். அழுத்தம் அளவு மீறினால் பாறை வெடித்துக் குழம்பு அதற்குள் போய்விடும். சரி, தண்ணீரைக் கூட்டி இளக்கலாமே என்றால், இறுகிய சீமெந்து பலம் குறையும், மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். அதனால்தான் தண்ணீரைக் கூட்டாமல் குழம்பை ஓடவைக்கிற மருந்து வேண்டியிருக்கிறது. அதுதான் டிஸ்பெர்சன்ட்.

உப்பு இதற்குள் பல வழியில் வரும். கடல் மேடைகளில் பல இடங்களில் கடல் தண்ணீரிலேயே குழைப்பார்கள். சில கிணறுகள் தடித்த உப்புப் படிவங்களைத் துளைத்துக்கொண்டு போகும். தெற்கு ஓமானில் அப்படிப்பட்ட ஆழமான உப்பு அடுக்குகள் உண்டு. அங்கே நல்ல தண்ணீர்க் குழம்பை அனுப்பினால் அது பாறை உப்பைக் கரைத்துக்கொண்டு போகும், குழாயைச் சுற்றி வெற்றிடம்தான் மிஞ்சும். ஆகவே குழம்பிலேயே உப்பை நிரப்பி அனுப்புவார்கள். ஊதிப் பெருகிற களிமண் அடுக்குகளுக்கும் உப்பு போடுவார்கள்.

முகத்துவாரத்தில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது

சீமெந்துத் துகள்கள் தண்ணீரில் விழுந்ததும் அவற்றின் மேற்பரப்பில் நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் அங்கங்கே இருக்கும். அதனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கூடு கட்டும். குழம்பு ஏன் தயிர் மாதிரி நிற்கிறது என்பதற்குக் காரணம் இந்தக் கூடுதான். நமது எருமைத் தயிரைச் சட்டியோடு சாய்த்தால் அசையாது, கரண்டியால் அடித்துவிட்டால் ஓடும். சீமெந்துக் குழம்பும் அப்படித்தான். டிஸ்பெர்சன்ட் பெரும்பாலும் எதிர் மின்சுமை உள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறு. அது துகளின் மேல் படிந்து எல்லாத் துகளுக்கும் ஒரே சுமையைக் கொடுக்கும். ஒரே சுமை ஒன்றையொன்று தள்ளும், கூடு உடையும், குழம்பு ஓடும்.

இப்போது உப்பைப் போடுங்கள். என்ன நடக்கும் என்பதை மாரி காலத்தில் மட்டக்களப்பு முகத்துவாரத்தில் பார்க்கலாம். வெள்ளத்தோடு வருகிற கலங்கல் தண்ணீர் கடலோடு சேருகிற இடத்தில் நுண்ணிய சேறு ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியத் தொடங்கும். நல்ல தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்த துகள்கள்தான் அவை. உப்பின் அயன்கள் சுற்றி நெருங்கி அந்தத் தள்ளுகையை மறைத்துவிடுகின்றன. சீமெந்துக் குழம்பிலும் உப்பு இதையே செய்கிறது. அதோடு இன்னும் இரண்டு வேலை செய்கிறது: டிஸ்பெர்சன்ட் சங்கிலி விரிந்து நிற்காமல் சுருண்டுபோகும், சில வகை கரைசலில் நிற்காமல் பிரிந்தும் விடும்.

எனவே உப்பைத் தாங்குகிற டிஸ்பெர்சன்ட் என்றால், அது மின்சுமையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, அல்லது அந்த உப்பு அயன்களின் கூட்டத்துக்குள்ளும் சுருளாமல் துகளில் பிடித்து நிற்க வேண்டும்.

அலமாரியில் என்னென்ன இருக்கும்

நீங்கள் அதிகம் காணப்போவது பொலிநப்தலீன் சல்போனேட். பழுப்புத் தூள், திரவமாகவும் வரும். வீடு கட்டுகிறவர்கள் கொங்கிறீட்டுக்குப் போடுகிற மருந்துகள் சிலவற்றிலும் இதுதான் இருக்கிறது. நல்ல தண்ணீரில் சீமெந்தின் எடைக்கு 0.5 முதல் 1.5 வீதம் போதும். உப்பு அதிகமான குழம்பில் 4 வீதம் வரை கேட்கும், சில வேளை அவ்வளவு போட்டும் தடிப்புத்தான் கூடும்.

உப்புக் குழம்புக்கு நான் முதலில் கையில் எடுப்பது அசெற்றோன், போர்மல்டிஹைட், சல்பைற்று மூன்றையும் சேர்த்துச் செய்கிற சல்போனேற்றட் அசெற்றோன் போர்மல்டிஹைட். ஆய்வுகூடத்தில் 'சாஃப்' என்று சுருக்கிச் சொல்வார்கள். செம்பழுப்பு நிறம். உப்பையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

சிற்றிக் அமிலமும் இந்த வேலைக்குப் பழையது. கடையில் வாங்குகிற எலுமிச்சை உப்பேதான். உப்புக் குழம்பை நன்றாக இளக்கும், ஆனால் சீமெந்து இறுகுவதைப் பலமாகத் தாமதப்படுத்தும். சூடு குறைந்த கிணற்றில் கை தவறி ஒரு சிட்டிகை கூடினாலும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். லிக்னோசல்போனேட்டும் இளக்குவதோடு தாமதப்படுத்துகிற வகைதான். பொலிகார்பொக்சிலேட் வகையில் சங்கிலியிலிருந்து கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். துகள்கள் நெருங்குவதை அந்தக் கிளைகள் இடம் அடைத்துத் தடுக்கும். அந்தத் தடுப்பை உப்பு மறைக்க முடியாது. ஆனால் அதன் கார்பொக்சிலேட் முனைகளைக் கல்சியம் பிடித்துக்கொள்ளும். ஆகவே போத்தலில் 'உப்பைத் தாங்கும்' என்று எழுதியிருந்தால் எந்த உப்பு, எத்தனை வீதம், எந்த வெப்பநிலை என்று கேளுங்கள். சோடியம் குளோரைட்டைத் தாங்குவது மக்னீசியம் குளோரைட்டில் கைவிடலாம்.

சோதனை, ஒவ்வொன்றாக

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். எந்தத் தண்ணீரில் கிணற்றில் குழைக்கப் போகிறார்களோ அந்தத் தண்ணீர் உங்கள் மேசைக்கு வரவேண்டும். குழாயைத் திறந்து பிடித்த தண்ணீர் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நம் கரையோரக் கிணறுகள் எத்தனை காலம் உவர்த்துக் கிடந்தன என்று பார்த்த ஊர்க்காரருக்கு, பக்கத்துப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரே ஒன்றுபோல் இராது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பாலைவனத்திலும் அதே கதைதான்.

அடுத்தது கணக்கு. பிள்ளைகள் அதிகம் பிழைவிடுகிற இடம் இது. டிஸ்பெர்சன்டின் வீதம் சீமெந்தின் எடைக்கு, உப்பின் வீதம் தண்ணீரின் எடைக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் எல்லாம் பிழையாகிவிடும். ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) முறைப்படி, எண்ணெய்க் கிணறுகளுக்கென்றே செய்கிற ஜி வகைச் சீமெந்துக்கு 792 கிராம் சீமெந்து, 349 கிராம் தண்ணீர். அதாவது 44 வீதம் தண்ணீர், சுமார் 600 மில்லிலீற்றர் குழம்பு வரும். டிஸ்பெர்சன்ட் 1 வீதம் என்றால் 792இல் எடுங்கள்: 7.92 கிராம். உப்பு 18 வீதம் என்றால் 349இல் எடுங்கள்: 62.8 கிராம். முழுக்க நிறைந்த உப்புக் குழம்புக்கு 37 வீதம் என்று துறையில் கணக்குப் போடுவார்கள்: 129 கிராம். அந்த 129 கிராம் கரைந்தாலும் ஏறக்குறைய 48 மில்லிலீற்றர் இடம் பிடிக்கும். அதனால் குழம்பு 648 மில்லிலீற்றராகிவிடும். கலக்கியின் வேலைப்பாடு 600க்குத்தான் கணக்கிடப்பட்டது என்பதால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறையுங்கள். சீமெந்து 733, தண்ணீர் 323, உப்பு 119.6 கிராம் என்று வரும். டிஸ்பெர்சன்டை இந்த 733க்குத் திரும்பவும் கணக்கிடுங்கள். திரவ மருந்தென்றால் அதிலுள்ள தண்ணீரையும் கழிக்க வேண்டும்.

எடைபோடும்போது கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் போடுங்கள். ஈரச் சீமெந்து கடுமையான காரம், தோலைப் புண்ணாக்கும். மருந்துத் தூள் டப்பாவை உடனே மூடுங்கள், ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும்.

இனிக் கலக்குவது. எதை முதலில் போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டு மருந்து போட்டால் ஒரு முடிவு வரும். மருந்தைக் கரைத்துவிட்டு உப்பைப் போட்டால் வேறு முடிவு வரலாம். உப்பைச் சீமெந்தோடு உலர்வாகக் கலந்து வந்தால் இன்னொன்று. மூன்றில் எது சரி என்று என்னிடம் கேட்பார்கள். கிணற்றடியில் எப்படிச் செய்யப் போகிறார்களோ அதுதான் சரி. முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதே வரிசையில் செய்யுங்கள். நிறைந்த உப்புக் கரைசல் என்றால் அடியில் ஒரு மணிகூட மிஞ்சாமல் கரையும்வரை பொறுங்கள். உப்புக் குழம்பு நுரைக்கும், ஆகவே நுரையடக்கி சில துளி சேர்க்காமல் கலக்கியைத் தொடாதீர்கள். நுரை இருந்தால் அடர்த்தி பொய் சொல்லும்.

கலக்கி நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்க, சீமெந்து முழுவதையும் 15 செக்கனுக்குள் ஒரே சீராகக் கொட்டுங்கள். மூடிவிட்டு 12,000 சுற்றில் 35 செக்கன். அந்த 15 செக்கனில் கிண்ணத்துக்குள் பாருங்கள். நல்ல குழம்பென்றால் நடுவில் சுழி விழுந்து சீமெந்து உள்ளே இழுபடும். மருந்து உப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் சுழி மூடிக்கொள்ளும். மேலே சீமெந்து உலர்ந்து மேடாக நிற்கும், அடியில் அலகு மட்டும் வெறுமையாகச் சுற்றும். மோட்டார்ச் சத்தமும் மாறும். சத்தம் மாறினாலே தாளில் குறித்துவையுங்கள். கிணற்றடியிலும் இதே சிக்கல்தான் வரப்போகிறது.

கலக்கியதும் கொன்சிஸ்ரோமீற்றர் என்கிற சூடாக்கிச் சுழற்றும் கருவியில், உங்கள் ஆய்வுகூட விதி சொல்கிற நேரத்துக்கு, நிமிடத்துக்கு 150 சுற்று, கிணற்றின் வெப்பநிலைக்குச் சூடாக்கியபடி. பிறகு தடிப்பை அளக்கிற சுழல் விஸ்கோமீற்றர். 3 சுற்றில் தொடங்கி 300 வரை ஏறி, திரும்ப இறங்குங்கள். ஒவ்வொரு வேகத்திலும் 10 செக்கன் நின்று வாசிப்பு எடுங்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் வந்ததைச் சராசரியாக்குங்கள். 300இன் வாசிப்பிலிருந்து 100இன் வாசிப்பைக் கழித்து 1.5ஆல் பெருக்கினால் பிளாஸ்ரிக் விஸ்கொசிற்றி, அதாவது ஓடும்போது குழம்பு காட்டுகிற தடிப்பு. 300இன் வாசிப்பிலிருந்து அதைக் கழித்தால் யீல்ட் பொயின்ற், அதாவது நிற்கிற குழம்பை ஓடத் தொடங்கவைக்கத் தேவையான தள்ளு. உதாரணத்துக்கு நல்ல தண்ணீரில் 60உம் 28உம் என்று வைத்தால், 48உம் 12உம் கிடைக்கும். உப்புச் சேர்த்த அதே குழம்பில் 140உம் 104உம் வந்தால், 54உம் 86உம். முதல் இலக்கம் அதிகம் மாறவில்லை, இரண்டாவது எகிறியிருக்கிறது. துகள்கள் திரும்பவும் கூடு கட்டிவிட்டன, டிஸ்பெர்சன்ட் தோற்றுவிட்டது என்று அர்த்தம். உப்புக் குழம்பில் யீல்ட் பொயின்றைத்தான் முதலில் பாருங்கள்.

தோற்றால் என்ன செய்வது

புதிய ஆளின் கை தன்னால் மருந்து டப்பாவுக்குப் போகும். இன்னும் அரை வீதம், இன்னும் அரை வீதம் என்று கூட்டுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். முதல் வருடம், உப்பு மூட்டை கிணற்றடியிலிருந்து வரவில்லை என்று நல்ல தண்ணீரிலேயே சோதித்து, அழகான இலக்கங்கள் எழுதிவைத்தேன். உப்பு வந்ததும் திரும்பச் செய்தபோது குழம்பு கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழவில்லை. பயத்தில் நப்தலீன் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஓர் அளவில் திடீரென்று இளகியது. சந்தோஷப்பட்டேன். அரை மணித்தியாலத்தில் அளவுச் சாடியின் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கரண்டி இறங்காத மண்டி. அன்று இரவு முழுக்க எங்கள் மேற்பார்வையாளரும் நானும் வேறு மருந்தோடு முதலிலிருந்து செய்தோம். கிணற்றடியில் அத்தனை பேரும் விடியும்வரை காத்திருந்தார்கள். அவர் என்னை ஏசவில்லை. "இலக்கத்தைத் துரத்தாதே, துகளைப் பார்" என்றார்.

ஆகவே அளவைக் கூட்டுவதற்கு முன் வகையை மாற்றுங்கள். சாஃப் 0.5 வீதத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள், பிறகு 0.75, பிறகு 1. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மருந்து போடாத வெறும் உப்புக் குழம்பு ஒன்றையும் பக்கத்தில் செய்யுங்கள், ஒப்பிட அது வேண்டும். சோடியம் குளோரைட் தானே கொஞ்சம் இளக்கும். அதனால் மருந்து போட்ட குழம்பு வெறும் உப்புக் குழம்பைவிடத் தடிப்பாக இருந்தால் அந்த மருந்து அங்கே எதிரி.

இளகிவிட்டது என்றால் வேலை முடியவில்லை. 250 மில்லிலீற்றர் சாடியில் 2 மணித்தியாலம் அசையாமல் வைத்துப் பிரிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். கிணறு சாய்வானதென்றால் சாடியையும் சாய்த்து வையுங்கள், சாய்வில் தண்ணீர் இன்னும் சுலபமாகப் பிரியும். இறுகிய பிறகு மேல் துண்டு, கீழ்த் துண்டு இரண்டின் அடர்த்தியும் ஒன்றா என்று பாருங்கள். திக்கனிங் டைம், அதாவது குழம்பு பம்ப் பண்ண முடியாத அளவுக்குத் தடிக்க எடுக்கிற நேரம், கட்டாயம் பார்க்க வேண்டும். உப்பு தண்ணீரின் எடைக்கு 10 வீதத்துக்குக் கீழே இருந்தால் இறுகுவதைத் துரிதப்படுத்தும், சுமார் 18 வீதத்துக்கு மேலே போனால் தாமதப்படுத்தும். அதற்கு மேல் டிஸ்பெர்சன்டும் தன் பங்குக்குத் தாமதப்படுத்தும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மனக்கணக்குப் போட முடியாது, செய்தே பார்க்க வேண்டும். நீரிழப்புச் சோதனையும் செய்வீர்கள், அதற்கான பொலிமர் மருந்துகளும் உப்பில் குணம் மாறும். அது தனிக் கதை.

போவதற்கு முன் வீட்டு முற்றத்தில்

இயந்திரம் இல்லாமலே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஹார்ட்வெயார் கடையில் சாதாரண சீமெந்து கொஞ்சம், நப்தலீன் வகைக் கொங்கிறீட் மருந்து சிறிய போத்தல் ஒன்று வாங்குங்கள். கண்ணாடித் துண்டு ஒன்று, இரண்டு அங்குல பிவிசி குழாயில் இரண்டு அங்குல நீளத் துண்டு ஒன்று, நகைக்கடை மாதிரிச் சிறிய டிஜிற்றல் தராசு ஒன்று. 200 கிராம் சீமெந்து, 90 கிராம் தண்ணீர், 2 கிராம் மருந்து. இரண்டு நிமிடம் ஒரே கையால் ஒரே வேகத்தில் அடித்து, கண்ணாடியின் மேல் நிறுத்திய குழாய்த் துண்டுக்குள் நிரப்பி, நேரே மேலே தூக்குங்கள். குழம்பு வட்டமாகப் பரவும். விட்டத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். திரும்பச் செய்யுங்கள், இந்த முறை அதே 90 கிராம் தண்ணீரில் 32 கிராம் உப்புக் கரைத்துக்கொண்டு. மூன்றாவது தடவை கடல் தண்ணீரில்.

போன லீவில் மூன்று பிள்ளைகளோடு எங்கள் முற்றத்தில் இதைச் செய்தோம். நல்ல தண்ணீர்க் குழம்பு பளபளவென்று தேநீர்த் தட்டு அளவுக்கு ஓடி, ஓரம் மெல்லிதாகி நின்றது. நிறைந்த உப்பில் போட்டது குழாயைத் தூக்கியதும் இடுப்பு தளர்ந்த மாதிரி கொஞ்சம் சரிந்து, இடியப்பத்துக்குக் குழைத்த மா மாதிரி அப்படியே உட்கார்ந்தது. மேற்பரப்பில் குழாயின் விளிம்பு போட்ட கோடுகூட அழியவில்லை. முப்பது வருடம் மேசன் வேலை செய்த என் மாமா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "மனே, உவர்த்தண்ணியில குழைச்சா சாந்து வேற பாசை பேசும் எண்டு நான் அப்பவே சொல்லுவன்" என்றார். பிறகு அதே உப்புத் தண்ணீரில் கொங்கிறீட் மருந்துக்குப் பதிலாக எலுமிச்சை உப்பு அரைக் கிராம் கரைத்துப் போட்டோம். முன்னையதைவிட நன்றாகப் பரவியது. மறுநாள் விடிய அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளையின் விரல் பதிந்தது. இளகியதற்குக் கொடுத்த விலை அது.

இது திசையைக் காட்டும், அவ்வளவுதான். கடைச் சீமெந்தில் மூக்கல்சியம் அலுமினேற்று என்கிற சேர்மம் அதிகம், அது மருந்தைக் குடித்துவிடும். கிணற்றுக்கான ஜி வகையில், சல்பேற்றை அதிகம் தாங்கும் ரகத்தில், அது 3 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஏபிஐ விதி. ஆகவே முற்றத்தில் அளந்த விட்டத்தை அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கொப்பி ஒன்று வாங்கி இப்போதே பழகுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம்: தண்ணீர் எங்கிருந்து வந்தது, என்ன திகதி, சீமெந்து மூட்டையின் தொகுதி இலக்கம், மருந்தின் தொகுதி இலக்கம், எதை எதற்குப் பிறகு போட்டீர்கள், தண்ணீரின் வெப்பநிலை, கலக்கும்போது கண்டது, இலக்கங்கள். பிழையாகிப்போன சோதனையையும் கிழிக்காமல் வையுங்கள். குழைத்த தண்ணீரில் ஒரு போத்தல், சீமெந்தில் ஒரு சிறு பை, மருந்தில் ஒரு சிறு டப்பா, மூன்றிலும் பெயர் ஒட்டி, கிணற்றில் வேலை முடிகிறவரை அலமாரியில் வைத்திருங்கள். அங்கே ஏதாவது பிழையானால் முதல் தொலைபேசி உங்களுக்குத்தான் வரும்.